கூட வந்தவர்

— நான் கை வைக்கவே இல்ல அத்தான். சத்தியமா. நேத்து சாயங்காலம் மூடும்போது நல்லாத் திறந்துச்சு. இன்னிக்குக் காலையில வந்து பார்த்தா உள்ளயே விடமாட்டேங்குது.

— எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க சின்னி. நான் ஒண்ணும் பண்ணல, அதுவா போச்சுன்னு.

— அப்ப நான் பொய் சொல்றேனா? நான் வந்து முழுசா ஒரு வாரம் ஆகல. உங்க கிளினிக் சாஃப்ட்வேரோட கோடைப் படிச்சு முடிக்கவே எனக்கு நேரம் பத்தல, இதுல அதைக் கெடுக்கறதுக்கு வேற நேரம் ஏது?

— என்னன்னு எழுதி வருது?

— ‘இந்த நோயாளி குழந்தைகள் பிரிவில் இல்லை.’ அவ்ளோதான், சிவப்பு எழுத்துல. மத்த பக்கமெல்லாம் சமர்த்தா திறக்குது, டெமோ பக்கம்தான் வீம்பு பண்ணுது. மத்தியானம் அந்தக் குழந்தைகள் கிளினிக்காரங்க வந்து இதைத்தான் பார்க்கப் போறாங்க. டீயைக் குடுத்து உக்கார வச்சு, ‘மன்னிச்சுக்குங்க, எங்க நோயாளி தொலைஞ்சு போயிட்டாங்க’ன்னு சொல்லச் சொல்றீங்களா?

— விடு. நான் பார்த்துக்கறேன்.

— நீங்க பார்த்துக்கறேன்னு சொன்னா அது அடுத்த வருஷம்னு அர்த்தமாம். அக்கா சொல்லித்தான் கூட்டிட்டு வந்தா.

— உங்க அக்கா எங்க?

— புரொஜெக்டருக்கு வயர் வாங்கப் போயிருக்கா. லிஃப்ட் வேற ரிப்பேர், அத்தனை மாடியும் ஏறித்தான் வரணும். ஏன், உங்ககிட்ட சொல்லலையா?

— மெசேஜ் போட்டிருப்பா.

— ஒரே வீட்டுல, ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு மெசேஜா?

— வேலை விஷயம் எல்லாம் மெசேஜ்லதான். அதான் சௌகரியம்.

— ரெண்டு மேஜைக்கும் நடுவுல ஒரு தண்ணி பாட்டில் வைக்கத்தான் இடம் இருக்கு அத்தான்.

— நீ டெமோ பக்கத்தைச் சொல்லு.

— பேச்சை மாத்துங்க, நல்லா மாத்துங்க. டெமோன்னு ஆள் வந்தா மட்டும் கீழ இறங்கி நழுவிடுவீங்களாம், அக்காவே தனியா உக்காந்து எல்லாத்தையும் காட்டணுமாம். அதையும் கேள்விப்பட்டேன்.

— எனக்கு வர்றவங்ககிட்ட பேச வராது. உனக்குத் தெரியாதா?

— தெரியும், தெரியும். சரி, நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதை நடத்தி வைக்க ஒரு கன்ட்ரோலர். ஒவ்வொரு கன்ட்ரோலரும் ஏதாவது ஒரு பேஸ் கிளாஸ் மேலதான் நிக்கணும். பொதுவான வேலையெல்லாம் அந்த பேஸ் பார்த்துக்கும். நீங்க ரெண்டு பேஸ் எழுதி வச்சிருக்கீங்க. பெரியவங்களுக்கு ஒண்ணு, குழந்தைகளுக்கு ஒண்ணு. சரியா?

— சரி.

— பெரியவங்க பேஸ் பாவம், ஒண்ணும் கேக்காது. வாங்க, உக்காருங்கன்னு விட்டுடும். இந்தக் குழந்தை பேஸ் இருக்கே, சரியான நச்சரிப்பு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல்ல வயசைக் கணக்குப் போடும். பன்னெண்டுக்குக் கீழதானான்னு பார்க்கும். அப்புறம் எடை. எடை போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா பக்கத்தோட தலையில ஒரு சிவப்புப் பட்டை, ‘புது எடை போடவும்’னு. அதுவும் பத்தாதுன்னு மேல மூலையில ஒரு கட்டம், ‘கூட வந்தவர்’. அது காலியா இருந்தா ஒரு அடி நகராது. மருந்துச் சீட்டுலகூட வந்து உக்காந்துக்குது.

— குழந்தைக்கு எடையை வச்சுத்தான் மருந்து. கூட ஆள் இல்லாத குழந்தைக்கு ஊசி போட முடியாது. அதுக்காக எழுதினது.

— தப்புன்னு சொல்லல அத்தான், நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. டெமோ பக்கம் அந்தக் குழந்தை பேஸ் மேல நிக்குது. அதுக்குள்ள சாம்பிளுக்குன்னு ஒரு மாதிரி நோயாளி. அந்த ஆளுக்கு நேத்து வரைக்கும் பதினொண்ணு, இன்னிக்குப் பன்னெண்டு. அதான் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுது. பார்த்தீங்களா, கண்டுபிடிச்சுட்டேன்! கோடு கெடல, காலண்டர்தான் கெட்டுப் போச்சு. மாதிரி நோயாளிக்குப் போய் யாராவது நிஜத் தேதியைப் போடுவாங்களா? எப்பவும் பத்து வயசாவே இருக்கற மாதிரி எழுதியிருக்க வேணாமா? காலேஜ் பசங்க பண்ற தப்பு இது.

— தெரியும்.

— தெரிஞ்சேவா போட்டீங்க?

— அப்போ தோணல.

— சரி, போனது போகட்டும். பிறந்த தேதியை ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டா வேலை முடிஞ்சுது.

— வேணாம்.

— ஏன்?

— தேதியில கை வைக்காதே. பேஸை மாத்தலாம்.

— அப்ப பெரியவங்க பேஸ். ஒரே ஒரு வார்த்தை மாத்தணும்.

— பெரியவங்களும் வேணாம்.

— தேதியையும் மாத்தக் கூடாது, பெரியவங்களும் ஆகக் கூடாது. என்ன அத்தான், போய் காலண்டரை நிறுத்திட்டு வரட்டுமா?

— மூணாவதா ஒண்ணு இருக்கு. நாம எழுதின ரெண்டையும் விட்டுடு. இதையெல்லாம் கட்ட நாம எடுத்துக்கிட்ட ஃப்ரேம்வொர்க்கோட சொந்த பேஸ் இருக்குல்ல, வெறும் பேஸ், அது மேல நிக்க வை. அது வயசைக் கேக்காது, எதையும் கேக்காது. பக்கத்தைக் காட்டும், அதோட சரி.

— வர்றவங்க குழந்தைகள் கிளினிக். நம்ம பெருமையே அந்த வயசுக் கணக்கும் மருந்துக் கணக்கும்தான். அதையெல்லாம் கழட்டி வச்சுட்டு மொட்டைப் பக்கத்தைக் காட்டினா எந்திரிச்சுப் போயிடுவாங்க. தேதியை மாத்தறது ஒரு வேலையா? இந்தாங்க, நீங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள...

— சின்னி, கையை எடு.

— அத்தான்?

— கையை எடுன்னு சொல்றேன்ல!

— எடுத்துட்டேன். எதுக்கு இப்படிக் கத்தறீங்க?

— இன்னிக்கு என்ன தேதி?

— இன்னிக்கு... அய்யோ.

— ம்.

— அய்யோ அத்தான். இன்னிக்குக் குண்டூசியோட பொறந்தநாளா?

— ஆமா.

— காலையில எந்திரிச்சதும் போன்ல தேதியைப் பார்த்தேன். டெமோ நாள்னு மட்டும்தான் தோணுச்சு. நான் எல்லாம் ஒரு சித்தியா? ஆஸ்பத்திரியில அவளை முதல்ல கையில வாங்கினவ நான்.

— அழாதே. உன்மேல தப்பில்ல. கொண்டாட ஆள் இருந்தாத்தானே பொறந்தநாள் ஞாபகம் இருக்கும்.

— இது அவளா? இந்த மாதிரி நோயாளி?

— இதை எழுத ஆரம்பிச்ச புதுசு. சோதிச்சுப் பார்க்க ஒரு நோயாளி வேணும்னு சும்மா ஒண்ணு போட்டேன். பிறந்த தேதி கேட்டுச்சு. என் விரலுக்கு வேற தேதி வரல. அவ இந்த மேஜைக்கு அடியிலதான் உக்காந்திருப்பா. என் செருப்பை அவ அம்மா காலுல மாட்டி விடுவா, அவ அம்மா செருப்பை என் காலுல. ‘அப்பா, நான் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கேனா?’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. எடை மெஷின் ஒண்ணு வாங்கி வச்சிருந்தோம். அதுல ஏறி நின்னு பார்த்துட்டு, ஓடி வந்து என் மடியில ஏறி அவளே நம்பரை அடிப்பா. ஒண்ணு, எட்டு. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி.

— பதினெட்டுக் கிலோவுக்கு என்ன பீத்தல். என்கிட்ட போன்ல சொன்னா, ‘சித்தி, நான் குண்டாயிட்டேன்’னு. ஊசி மாதிரி இருந்துக்கிட்டு.

— அப்புறம் அந்தக் காய்ச்சல். ரத்தத்துல இருக்குன்னு சொன்னாங்க. உனக்குத் தெரியாதது இல்ல.

— ம்.

— எல்லாம் முடிஞ்சு, திரும்ப வந்து இந்த மேஜையில உக்காந்து திறந்தேன். உள்ள இருந்தா. வயசு ஆறுன்னு போட்டுக்கிட்டு. அழிச்சுடணும்னுதான் உக்காந்தேன், முடியல. அப்படியே விட்டுட்டேன். ஒரு நாள் பார்த்தா ஏழுன்னு இருந்துச்சு. நீ இப்ப சொன்னியே, நான் கை வைக்கவே இல்லன்னு. அதே மாதிரிதான். அதுவா ஏழாச்சு. அப்புறம் எட்டு. வயசைக் கணக்குப் போடற கோடு நான் எழுதினது, எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் பார்த்தப்ப அப்படி ஒரு சந்தோஷம் சின்னி. ஒரு இடத்துலயாவது வளர்றாளேன்னு.

— அத்தான்...

— வருஷா வருஷம் இந்த நாள் காலையில முதல் வேலையா அந்தப் பக்கத்தைத் திறப்பேன். மேல வயசு மாறியிருக்கான்னு பார்ப்பேன், மூடிடுவேன். இன்னிக்கும் திறந்தேன், நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே. ‘குழந்தைகள் பிரிவில் இல்லை’ன்னு சொல்லுது. அந்த வரியை எழுதினவனும் நான்தான்.

— முதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்குத் தொலைஞ்சு போயிட்டாங்க, கழுத்தைப் புடிச்சுத் தள்ளுதுன்னு... என் வாயைக் கழுவ.

— இல்ல, நீ பேசினது நல்லாத்தான் இருந்துச்சு. அவளைப் பத்தின பேச்சுல இந்த வீட்டுல யாரும் சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு.

— அக்காவுக்குத் தெரியுமா இது அவதான்னு?

— தெரியும். அதான் கொடுமை. வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் சிரிச்ச முகமா, ‘இதுதான் எங்க மாதிரி நோயாளி’ன்னு காட்டுவா. யாரோ ஒரு குழந்தை மாதிரி. எப்படி மனசு வருதோ. நான் நழுவிடறேன்னு சொன்னியே, அதுக்குத்தான் நழுவறேன். கேட்டுக்கிட்டு உக்கார என்னால முடியாது. அவ காட்டற அந்த உள் பக்கங்களை நான் திறந்தே வருஷக்கணக்காச்சு.

— ஒரு தடவையாவது அவகிட்ட பேசிப் பார்த்தீங்களா?

— எங்க பேச? எல்லாம் முடிஞ்ச மறுவாரமே துணி, பொம்மை, செருப்பு எல்லாத்தையும் மூட்டை கட்டிக் குடுத்துட்டா. நான் தூங்கி எந்திரிச்சு வர்றதுக்குள்ள. ஒரு ரிப்பன்கூட மிச்சம் வைக்கல. எடை மெஷினையும் தூக்கிக் குடுத்துட்டா. அதுக்கப்புறம் அவ பேரை இவ வாயால நான் கேட்டதே இல்ல. நான் சொன்னா எந்திரிச்சு உள்ள போயிடுவா. இன்னிக்கு என்ன நாள்னு அவளுக்குத் தெரியாதா? வயர் வாங்கப் போயிருக்கா, பாரு. கல்லு சின்னி. அப்படி ஒரு கல்லு.

— அப்படிச் சொல்லாதீங்க. அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எனக்கு முள்ளு குத்தினா தெருவையே கூட்டிடுவேன். அவ சைக்கிள்ல விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டு வந்து, ஒண்ணும் சொல்லாம ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டா. சாப்பிடக் கூப்பிட்டப்பதான் எங்களுக்கே தெரியும்.

— கை ஒடிஞ்சதைக் காட்டாம இருக்கலாம். இது அப்படியா?

— அவளுக்கு வேற விதமா இருக்கத் தெரியாது அத்தான்.

— எனக்குக் கோபம்கூட இல்ல இப்ப. அலுத்துப் போச்சு. அவ மறக்கணும்னா மறந்துக்கட்டும். நான் மட்டும் இதுக்குள்ள வச்சுக்கறேன். தேதியை மாத்தினா அவ அன்னிக்குப் பொறக்கவே இல்லன்னு ஆயிடும். பெரியவங்கள்ல போடலாம்னா, குண்டூசியை எப்படிப் பெரியவங்கன்னு சொல்றது? செருப்புக்கு வார் மாட்டத் தெரியாது அவளுக்கு.

— அதான் வெறும் பேஸா?

— வயசே கேக்காத இடம். அங்க இருந்துட்டுப் போகட்டும்.

— கோச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். வயசே கேக்காத இடத்துல அவ வளரவும் மாட்டாளே அத்தான். அதைப் பார்க்கத்தானே வருஷா வருஷம் திறந்தீங்க?

— மாத்து சின்னி. நேரமாச்சு.

— சரி. குழந்தை பேஸோட பேரை எடுத்துட்டேன். ஃப்ரேம்வொர்க்கோட பேரைப் போட்டுட்டேன். சேவ் பண்ணியாச்சு. திறக்கட்டுமா?

— திற.

— திறந்துடுச்சு.

— ம். வயசு?

— வயசு வரல. நீங்க கேட்ட மாதிரிதான். கூட வந்தவர் கட்டமும் போச்சு, அது குழந்தை பேஸ்லேர்ந்து வர்றதுதானே. முன்னாடி அதுல ‘அம்மா’ன்னு இருந்துச்சு. இப்ப மூலை மொட்டையா இருக்கு.

— பரவால்ல. யாருக்குத் தெரியப் போகுது.

— மருந்துக் கணக்கு வருதான்னு உள்ள போய்ப் பார்த்துடறேன். அது எடையை எடுக்குது, பெருக்குது... அத்தான், பதினெட்டுன்னுதானே சொன்னீங்க?

— ஆமா. ஒண்ணு, எட்டு.

— இங்க முப்பத்திநாலுன்னு இருக்கு.

— இருக்காது. வேற நோயாளியைத் திறந்திருப்பே.

— நீங்களே வந்து பாருங்க. எடை முப்பத்திநாலு. உயரமும் மாறியிருக்கு, என் தோளுக்கு வருவா போல. கீழ குறிப்புல என்னமோ எழுதியிருக்கு.

— படி.

— ‘கண்ணாடி போட்டிருக்கிறாள். கிட்டப்பார்வை.’

— கண்ணாடியா? குண்டூசி எங்க கண்ணாடி போட்டா?

— எனக்கும் அக்காவுக்கும் பத்து வயசுல கண்ணாடி வந்துச்சு அத்தான். எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாருக்கும் அந்த வயசுலதான் வரும்.

— அப்புறம்?

— ‘ஊசி போடும்போது பேச்சுக் கொடுக்கவும். இல்லாவிட்டால் கையை இழுத்துக்கொள்வாள்.’

— அந்தச் சிவப்புப் பட்டை.

— எது?

— எடை பழசாச்சுன்னா பக்கத்தோட தலையில வரணும்ல. நானே எழுதின கோடு. பதினெட்டுலயே நின்னிருந்தா அவளுக்கு ஏழு ஆனப்பவே வந்திருக்கணும். ஒரு வருஷம்கூட வரல சின்னி. அந்தத் தலையிலதான் நானும் வருஷா வருஷம் வயசைப் பார்த்தேன். பட்டை ஏன் வரலன்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணவே இல்ல.

— கதவைத் திறந்து போட்டுட்டு என்ன பேச்சு ரெண்டு பேரும்? படி வரைக்கும் கேக்குது.

— அக்கா! எப்ப வந்தே?

— அப்பவே வந்துட்டேன். கடை இன்னும் திறக்கல. பழைய வயரையே டேப்பைச் சுத்திப் போட்டுக்கலாம். நகரு சின்னி. என்ன இது, மூலையில ஒண்ணுமே இல்ல?

— வெறும் பேஸ்ல போடச் சொன்னேன். குழந்தை பேஸ் உள்ள விடல.

— விடாது. பன்னெண்டு ஆச்சுல்ல.

— இந்த எடை...

— நான்தான் போட்டேன். போன வாரம் நம்மகிட்ட சாஃப்ட்வேர் வாங்கின அந்தப் பழைய கிளினிக்ல வெளிய உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு பொண்ணு, பன்னெண்டு வயசு. அவங்க அம்மாகிட்ட என்ன எடைன்னு கேட்டேன். நாப்பதுன்னாங்க. நம்மது ஒழுங்கா சாப்பிடாதே. அதான் முப்பத்திநாலு.

— வருஷா வருஷமா?

— ஒவ்வொரு வருஷமும் யாரையாவது கேப்பேன். அந்த மெஷின் ஆள் ஏறாம சும்மா நின்னுச்சுங்க, என்னால அதைத் தாண்டிப் போக முடியல. அதான் தூக்கிக் குடுத்தேன். கல்லா இருந்தா தாண்டிப் போயிருப்பேன்.

— கேட்டுட்டியா?

— படியில ஏறும்போது காதைப் பொத்திக்கிட்டா வர முடியும்?

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— நீங்க எங்க இருந்தீங்க? டெமோன்னா கீழ இறங்கிடுவீங்க. ஒரே ஒரு தடவை பக்கத்துல உக்காந்திருந்தா கேட்டிருப்பீங்க. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன், இவளுக்கு இப்ப இத்தனை வயசு, கண்ணாடி போட்டிருக்கா, ஊசின்னா பயம்னு. அவங்களும் தலையாட்டிக் கேட்டுப்பாங்க. வேற யார்கிட்ட போய் நான் அவளைப் பத்திப் பேசுவேன்? பேரைச் சொன்னா அழுகை வந்துடும், மாதிரி நோயாளின்னா வராது.

— இன்னிக்கு நான் போகல. இங்கேயே உக்காந்துக்கறேன்.

— உக்காருங்க. முதல்ல இதை மாத்துங்க.

— தேதியை மாத்தினாத்தான் குழந்தை பேஸ்...

— தேதி அவளோடது. அதுல யாரும் கை வைக்கக் கூடாது. பெரியவங்கள்ல போடுங்க.

— குண்டூசியையா?

— இவ்வளவு தூரம் வளர்த்தாச்சு. நடுவுல நிறுத்தி வைக்க என்னால முடியாது. போடு சின்னி.

— போட்டுடறேன் அக்கா, ஒரு வார்த்தைதான். வர்றவங்களுக்கு வேற ஒரு குழந்தையைப் போட்டுக் காட்டிக்கலாம். இவளைக் கடைசியா, வளர்ந்து பெரியவங்க பக்கத்துக்கு வந்த பொண்ணுன்னு காட்டலாம். ஆனா பெரியவங்க பேஸ்லயும் அந்தக் கட்டம் வராது. பெரியவங்க தனியா வருவாங்கன்னு அத்தான் அதை அங்க எழுதவே இல்ல.

— தெரியும். அந்தக் கூட வந்தவர் கட்டத்தை மட்டும் பெரியவங்க பேஸ்லயும் எழுதிச் சேர்த்துடுங்க.

— சேர்த்தா அப்புறம் எல்லாப் பெரியவங்களுக்கும் அது வந்து நிக்கும். கிளினிக்காரங்க இது எதுக்குன்னு கேப்பாங்களே?

— கேட்டா கேக்கட்டுங்க. இந்த உலகத்துல அந்த ஒரு கட்டத்துலதான் இன்னும் என்னை அம்மான்னு போட்டிருக்கு.